சட்டக் கல்லூரி மாணவர் வாழ்வும் படிப்பு வளங்களும் (ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம்)

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்துக்குள் அரசு சட்டக் கல்லூரி கிடையாது. ஆனால் அதன் ஊடாகச் செல்லும் சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் – திருவள்ளூர் சாலையின் இரு முனைப் பக்கங்களிலும் ஒவ்வொரு கல்லூரி உள்ளது. தெற்கே 2002-இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரி. வடக்கே, திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணி செல்லும் வழியில், பட்டரைபெரும்புதூர் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. (பெயர் ஒற்றுமையால் பட்டரைபெரும்புதூரை ஸ்ரீபெரும்புதூர் என்று நினைத்து இறங்கிவிடுவோர் உண்டு, இரண்டும் வேறு மாவட்டங்கள்.) ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் இல்லாததால், இந்த வட்டாரத்து மாணவர்களுக்குப் பேருந்தே முதன்மைப் போக்குவரத்து.

பட்டரைபெரும்புதூர்க் கல்லூரி ஓர் இடமாற்றத்தால் உருவானது. 1891-இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி, நூறாண்டுக்கு மேலாக உயர் நீதிமன்றத்தை ஒட்டிய செந்நிறக் கட்டடத்தில் இயங்கியது. 2008 நவம்பர் 12 அன்று அங்கு மாணவர்களிடையே சாதி அடிப்படையில் மோதல் மூண்டது. காவலர்கள் தடுக்காமல் நின்ற காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது. இதை விசாரித்த நீதிபதி பி. சண்முகம் ஆணையம், கல்லூரியை வேறிடங்களுக்கு மாற்றப் பரிந்துரைத்தது. மாணவர்களின் எதிர்ப்பை மீறி, 2018-இல் கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டுப் பட்டரைபெரும்புதூருக்கும், கேளம்பாக்கம் அருகே உள்ள புதுப்பாக்கத்துக்கும் சென்றது.

இடமாற்றத்தால் மாணவர்கள் இழந்தது கட்டடத்தை மட்டுமல்ல. முன்பு வகுப்பு முடிந்ததும் நடந்தே போய் உயர் நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்க முடிந்தது. மாலையில் அருகிலுள்ள அலுவலகம் ஒன்றில் ஜூனியர்களோடு அமர்ந்து கேஸ் கட்டுகளைப் புரட்ட முடிந்தது. எதிர்த் தெருக்களில் சட்டப் புத்தகக் கடைகள் இருந்தன. முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வந்த, குடும்பத்தில் வழக்கறிஞர் எவரும் இல்லாத மாணவருக்கு இந்த அண்மைதான் பெரிய மூலதனம். இன்று அதே மாணவர் அதற்காக ஒரு நாள் பயணத்தை ஒதுக்க வேண்டியிருக்கிறது.

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் இந்த அனுபவத்தைப் பாடத்திட்டமாகவே ஆக்கியுள்ளன. 3 ஆண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும், 5 ஆண்டுப் படிப்பில் 20 வாரமும் உள்ளுறைப் பயிற்சி கட்டாயம். மாதிரி நீதிமன்றத்துக்கு 30 மதிப்பெண். ஓர் உரிமையியல், ஒரு குற்றவியல் வழக்கு விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பேடு எழுதுவதற்கு 30 மதிப்பெண். இதில் பலர் கவனிக்காத ஒன்று, சாட்சி விசாரணை பெரும்பாலும் நடப்பது உயர் நீதிமன்றத்தில் அல்ல, கீழமை நீதிமன்றங்களில் என்பது. ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணையைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். மேல்முறையீட்டு வாதம் கேட்கத்தான் சென்னை போக வேண்டும்.

வருகைப்பதிவு இன்னொரு சிக்கல். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும்; வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடத்தப்பட வேண்டும். நூலகத்தை மட்டும் இரவு 10 மணி வரை திறந்து வைக்கலாம். ஒரகடத்தில் ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் ஒருவர் இந்த விதிகளுக்குள் வழக்கறிஞராவது ஏறக்குறைய முடியாத காரியம். தொழிலாளர் சட்டம் யாருக்குத் தேவையோ அவருக்கு அதன் வகுப்பறை எட்டாத தொலைவில் இருக்கிறது.

படிப்பு வளங்கள்

மாணவர் பேச்சில் ‘பேர் ஆக்ட்’ எனப்படும் விளக்கவுரை இல்லாத சட்ட நூலே அடிப்படை. அதை வாங்க வசதியில்லாதவர்கள் மத்திய அரசின் இந்தியா கோடு தளத்தில் சட்டங்களை இலவசமாகப் படிக்கலாம். தீர்ப்புகளுக்கு 2008 முதல் இயங்கும் இந்தியன் கானூன் தளமும், உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் தொகுப்பும் உள்ளன. தமிழ்வழியில் தேர்வு எழுதுவோருக்குத் தமிழ்நாடு அரசு வெளியிடும் ‘தீர்ப்புத் திரட்டு’ இதழ் பயன்படும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கமும் இணையத்தில் கிடைக்கிறது. ஆயினும் சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலமே. எனவே தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, முக்கியமான பத்திகளை ஆங்கிலத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

பழைய புத்தகங்களை நம்புவதில் இப்போது ஆபத்து உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 இப்போது 103; மோசடிக்குப் பேர்போன 420, பிரிவு 318(4) ஆகிவிட்டது. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால், மாணவர் இரண்டையும் படிக்க வேண்டியிருக்கிறது. அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த கைடு அரைவாசிக்குத்தான் உதவும்.

தொழிலாளர் சட்டத்திலும் இதே நிலைதான். 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் மீது பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவோருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதனால் வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கும் மையக் கேள்வி சங்கப் பதிவும் அங்கீகாரமுமே. சங்கத்தின் பெயரில் நிறுவனப் பெயர் இருப்பதை நிர்வாகம் எதிர்த்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உள்ளூர் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஓர் ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்றதே நிர்வாகத்துடன் பேசும் ஒரே சங்கம் என்கிறது அது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். பழைய பாடநூலில் இவை இரண்டும் இராது.

பட்டம் பெற்றபின் அகில இந்திய பார் தேர்வு உள்ளது. 100 கேள்விகள் கொண்ட இதைத் தமிழிலும் எழுதலாம். குறிப்புகள் இல்லாத பேர் ஆக்ட்டைத் தேர்வறைக்குள் கொண்டுசெல்ல அனுமதி உண்டு, கைடுக்கு இல்லை.