ஊழியத்தில் தலைமைப் பொறுப்பு: ஜெபம் எப்படி வழிகாட்டுகிறது?

கோலாலம்பூர் - பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்த் திருச்சபைகளில் மூப்பர், பொருளாளர், வாலிபர் தலைவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஆகிய பொறுப்புகளைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரண உறுப்பினர்கள். வேலை முடிந்து, குடும்பத்தையும் கவனித்து, மீதி நேரத்தில் சபைக் காரியங்களைப் பார்க்கிறார்கள். கருத்து வேறுபாடு எழும்போது இவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை, "ஜெபித்து முடிவெடுங்கள்" என்பதே. ஜெபித்து முடிவெடுப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை வேதாகமமும் திருச்சபை வரலாறும் தெளிவாகவே காட்டுகின்றன.

நெகேமியாவின் நான்கு மாதங்கள்

எருசலேமின் அலங்கம் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்ட நெகேமியா, உபவாசித்து ஜெபித்தார். செய்தி வந்தது கிஸ்லேவ் மாதம். அவர் அரசரிடம் பேசியது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். "எவ்வளவு காலம் ஆகும்?" என்று அரசர் கேட்டபோது அவரிடம் பதில் தயாராக இருந்தது. வழிப் பயணத்திற்குக் கடிதங்களும் கட்டுமானத்திற்கு மரமும் வேண்டும் என்று கேட்டார். எருசலேம் சேர்ந்ததும், சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு இரவில் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். அதன் பிறகே மக்களைக் கூட்டினார். ஜெபித்த அதே மனிதர்தான் கணக்கும் போட்டார், நேரில் போய்ப் பார்வையிட்டார்.

முறுமுறுப்புக்குச் செவி

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. அன்றாட உதவியில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே சொன்னார்கள். பிறகு ஜெபித்து அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு உட்பட அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்ட தரப்பினரிடமே பொறுப்பு போய்ச் சேர்ந்ததாகத் தெரிகிறது.

பெரியவர்கள் தமிழிலும் இளையோர் ஆங்கிலத்திலும் பேசும் சபைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆராதனை மொழி பற்றிப் பிள்ளைகள் குறை சொன்னால் அதைக் கலகம் என்று ஒதுக்கிவிடாமல், அவர்களில் சிலரையும் குழுவில் சேர்ப்பதே அப்போஸ்தலர்கள் காட்டிய வழி.

ஒரு பென்னி சொன்ன பாடம்

மலேசிய மெதடிஸ்ட் திருச்சபை தன் தொடக்கத்தை 1885-இல் வில்லியம் ஓல்டம் சிங்கப்பூர் வந்ததிலிருந்து கணக்கிடுகிறது. அந்த மரபின் நிறுவனர் ஜான் வெஸ்லி காலத்தில், 1742-இல், பிரிஸ்டல் நகரக் கட்டடக் கடனை அடைக்க ஒரு யோசனை வந்தது: ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்க வேண்டும். இல்லாதவர்களின் பங்கையும் சேர்த்துத் தருவதாக ஒருவர் முன்வந்தார். பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. வசூலுக்காக வீடு வீடாகப் போன தலைவர்கள், அங்கே குடும்பச் சண்டையையும் குடிப்பழக்கத்தையும் கண்டார்கள். வசூல் குழு விரைவில் ஆத்தும விசாரிப்புக் குழுவானது.

மெதடிஸ்ட் முறையில் போதகர்களைப் பேராயர் நியமிக்கிறார். அவர்கள் மாறிப் போவார்கள். ஆனால் வீடுகளை அறிந்த உறுப்பினர்கள் அங்கேயே இருப்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் தலைமையகம் கொண்ட மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர்கள் தரங்கம்பாடி வரை செல்கின்றன. அங்கே 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியாராகக் கிராமங்களில் உழைத்தவர்.

"தேவன் என்னிடம் சொன்னார்"

ஜெபத்தின் பெயரால் சபைகள் உடைவதும் உண்டு. தலைவர் ஒருவர் "தேவன் என்னிடம் சொன்னார்" என்று சொல்லிவிட்டால், மற்றவர்கள் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். தீர்க்கதரிசனத்தையும் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்றே பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்.

இயேசு இரவு முழுவதும் ஜெபித்த பிறகே பன்னிரண்டு சீடர்களைத் தெரிந்தெடுத்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. அவர்களில் ஒருவன் யூதாஸ். பணப்பை இருந்ததும் அவனிடமே. ஆகவே, ஜெபித்துத் தெரிந்தெடுத்தவர் என்பதற்காக யாரும் கணக்குக் காட்டுவதிலிருந்து விடுபடுவதில்லை. காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ணுவதும், ஆண்டுக் கணக்கைச் சபையார் முன் வைப்பதும் அவிசுவாசம் ஆகாது.

கூட்டத்திற்கு முன்

முக்கிய முடிவு எடுக்கும் முன் தலைவர்கள் நான்கு கேள்விகளை ஜெபத்தில் வைக்கலாம். நிலைமையை நேரில் பார்த்தோமா? பாதிக்கப்படுபவர்களிடம் கேட்டோமா? இந்த முடிவால் யாருக்கு லாபம்? மறுத்துப் பேச ஒருவருக்காவது துணிவு இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், முடிவை அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைத்து, பேசாமல் இருந்தவர்களின் வீட்டுக்கு முதலில் போய் வருவது நல்லது.