புளியங்கொட்டையும் பகா எண்ணும்

“பகா எண் என்றால் என்ன?” என்று கேட்டால், “ஒன்றாலும் அதே எண்ணாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்” என்று நம் சிறுமியர் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவர். “அப்படியானால் 51 பகா எண்ணா?” என்றால், “ஆமாம் டீச்சர், அது ஒற்றைப்படை எண்தானே!” என்பர். மனப்பாடம் இருக்கிறது, பொருள் மனத்தில் பதியவில்லை. தொடக்க வகுப்பிலேயே இக்குறையைப் போக்கும் வழியைக் காண்போம்.

பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டை இதற்குப் போதும். எறையூர்ப் பக்கத்து வீடுகளில் மக்காச்சோள மணிக்கும் பஞ்சமில்லை. குழந்தையிடம் 12 கொட்டைகளைக் கொடுத்து, வரிசைக்கு வரிசை சமமாக அடுக்கச் சொல்லுங்கள். ஆறாறாக 2 வரிசை, நந்நான்காக 3 வரிசை என்று மகிழ்ச்சியோடு அடுக்கும். பிறகு 7 கொட்டைகளைக் கொடுங்கள்.

ஒருமுறை இப்படிக் கொடுத்தபோது, ஒரு சிறுமி மும்மூன்றாக 2 வரிசை அடுக்கிவிட்டு, மீந்த ஒன்றைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். கேட்டதும், “எனக்குச் சரியா அடுக்க வரலை டீச்சர்” என்று அழுதுவிட்டாள். தவறு அவளுடையதன்று. ஒரே வரிசையில் அன்றி வேறு விதமாய் அடுக்க முடியாத எண்களும் உண்டு என்பதை அவளுக்கு உணர்த்தாத தவறு என்னுடையது. “இப்படி அடம்பிடிக்கும் எண்கள் வேறு எவை? தேடுங்கள்” என்றேன். 2, 3, 5, 7, 11, 13 என்று வகுப்பே கண்டுபிடித்தது. அதன் பின்னரே பகா எண், பகு எண் என்ற பெயர்களைச் சொன்னேன். பொருள் முதலில், பெயர் பிறகு. இதுவே நல்ல முறை.

இனி மூன்று ஐயங்கள். ஒற்றைப்படை எண் எல்லாம் பகா எண் ஆகாது. 9 மும்மூன்றாக அடுங்கும், 51 என்பது 3 × 17. இரட்டைப்படையில் 2 ஒன்றே பகா எண். 1 இரண்டிலும் சேராது. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும். 1க்கு உள்ளதோ ஒன்றே. மேலும் 12ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3 என்று ஒரே விடைதான். 1ஐயும் பகா எண்ணாகச் சேர்த்தால், அதை எத்தனை முறையும் பெருக்கி எழுதலாம். விடைக்கு முடிவே இராது.

அடுத்துச் சல்லடை முறை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பெயரால் இது வழங்குகிறது. 1 முதல் 100 வரை எழுதி, 1ஐ அடித்துவிடுங்கள். 2ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள். 3, 5, 7 ஆகியவற்றுக்கும் அவ்வாறே செய்யுங்கள். 11க்குப் போகத் தேவையில்லை. 22, 33 முதலியன ஏற்கனவே அடிபட்டுவிட்டன. அடிபடாத முதல் மடங்கு 121, அது 100ஐத் தாண்டியது. சல்லடையில் நிற்பவை 25 பகா எண்கள்.

நம் கையிலுள்ள 53 மணி செபமாலையும் ஒரு கணக்குப் பாடமே. ஐந்து பத்துமணிகள் சேர்ந்த 50 பகு எண். தொடக்கத்து மூன்று மங்கள வார்த்தை மணிகளைக் கூட்டினால் 53. 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பாருங்கள், முறையே 1, 2, 3, 4 மீதி வரும். எனவே அது பகா எண். பரலோக மந்திர மணிகள் 6ஐயும் சேர்த்தால் 59. அது எவ்வகை எண் என்று மாணவியரே கண்டு சொல்லுங்கள்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன், காரணிகள் மிகுந்த பகு எண்களை ஆராய்ந்து 1915இல் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது. 12க்கு 6 காரணிகள். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. நம் குழந்தை அடுக்கும் 12 கொட்டைகள் அந்த மேதை நடந்த பாதையின் முதற்படியே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை அடுக்கும்போது விடையை முந்திச் சொல்லாதீர்கள். ஒரு கொட்டை மீந்தால் “தப்பு” என்று அதட்டாமல், “ஏன் மீந்தது?” என்று கேளுங்கள். அக்குழந்தை பிறகு எந்தக் கொட்டையையும் கைக்குள் மறைக்காது.