மாரடைப்பின் பின் பெண்களின் உளநலமும் மீட்சியும்

மாரடைப்பிலிருந்து தப்பியவரின் மீட்சி இதயத் தசை ஆறுவதோடு நிறைவுறுவதில்லை. அச்சமும் மனச்சோர்வும் அவரைப் பின்தொடர்கின்றன. இவை ஆண்களினும் பெண்களிடையே மிகுந்து காணப்படுவதை ஆய்வுகள் பல உணர்த்தியுள்ளன. இதனை அளவு வேறுபாடாக மட்டும் கொள்ளலாமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினாவாகும்.

கனடாவின் மொன்றியல் நகரில் நிகழ்த்தப்பெற்று 1997இல் வெளியான ஆய்வொன்றை முதற்கண் நோக்குவோம். அதில் மாரடைப்புற்ற 903 ஆண்களும் 473 பெண்களும் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் உளநிலை ஓராண்டுவரை மாதந்தோறும் தொலைபேசி வாயிலாகக் கேட்டறியப்பட்டது. உளநெருக்கீடு மிகுந்தோரின் இல்லங்களுக்குத் தாதியர் சென்று ஆதரவு நல்கினர். மற்றைப் பிரிவினர் வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றனர். ஆண்களுள் இரு பிரிவிலும் இறந்தோர் 3.1 வீதத்தினரே. பெண்களுள்ளோ உதவி பெற்ற பிரிவில் 10.3 வீதத்தினரும் மற்றைப் பிரிவில் 5.4 வீதத்தினரும் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருக்கக்கூடும் என்பதை முற்றாக மறுத்தற்கில்லை. ஆயினும், நல்லெண்ணத்தோடு அளிக்கப்படும் உதவி இருபாலார்க்கும் ஒருங்கே பயன்தரும் என்ற கருத்து இதனால் ஐயத்திற்குரியதாயிற்று.

பெண்களின் நெருக்கீடு எங்கிருந்து எழுகின்றது? சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் இதயநோயுற்ற 292 பெண்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு இதற்கு ஓரளவு விளக்கந் தருகின்றது. கணவரோடு அல்லது உடன்வாழும் துணைவரோடு கடும் பிணக்குற்றிருந்தோர்க்கு நோய் மீளும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காயிருந்தது. தொழில்சார்ந்த நெருக்கீடு அத்தகைய தொடர்பைக் காட்டவில்லை. ஓய்வு தரவேண்டிய இல்லமே சுமையாகவும் அமையலாம் என்பது இதனாற் பெறப்படும்.

அந்நகரிலேயே 237 பெண்களைக் கொண்டு நிகழ்ந்த பிறிதோர் ஆய்வு 2009இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர் நால்வர் முதல் எண்மர் வரையான, பெண்கள் மட்டுமே அடங்கிய குழுக்களாக ஓராண்டில் 20 தடவை கூடினர். குடும்பத்திலும் தொழிலிலும் எழும் நெருக்கீட்டை எதிர்கொள்ளும் வழிகளைத் தாதியரின் வழிகாட்டலிற் பயின்றனர். சராசரி ஏழாண்டுக் காலத்துள் இவர்களுள் 7 வீதத்தினர் இறந்தனர். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோருள் இறந்தோர் 20 வீதத்தினர்.

இவ்வாய்வில் ஆண்கள் இடம்பெறாமையால், பெண்களுக்கு மட்டுமே இம்முறை பயன்தரும் என நாம் துணிதல் பொருந்தாது. எனினும் ஒன்று தெளிவு. மாரடைப்புற்ற பெண்ணுக்கு மருந்தும் அறிவுரையும் வழங்குவோர், அவர் எத்தகைய வீட்டிற்குத் திரும்புகின்றார் என்பதையும் வினவுதல் வேண்டும்.