நரம்பை வளர்க்கும் புரதமும் ஆண் மலடும்

ஒரு வீட்டிற் பிள்ளைப்பேறு தாழ்க்குமாயின் நம்மவர் முதற்கண் நோக்குவது பெண்ணையே. மலடி என்னுஞ் சொல் நாவில் எளிதில் வருகின்றது. அதற்கிணையான ஆண்பாற் சொல்லோ வழக்கில் அருகியே உளது. ஆயினும் மகப்பேறு வாய்க்காத இணையருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்து ஆணின் குறையும் தனித்தோ உடனாகவோ காணப்படுகின்றது. அக்குறையை ஆராய்ந்தோர்க்கு எதிர்ப்பட்ட வியத்தகு பொருளொன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நரம்புகளைத் தளிர்க்கச் செய்யும் புரதமொன்றை 1950களில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே இத்தாலிய அம்மையார் ரீற்றா லெவி-மொந்தால்சினியும் ஸ்ரான்லி கோயனும் ஆராய்ந்து கண்டனர். முதலில் சுண்டெலியின் கழலையிலும், பின்னர்ப் பாம்பின் நஞ்சிலும் அது தென்பட்டது. நஞ்சுச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இனமானதாதலின் கோயன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். ஆங்கு அது நிறைந்திருந்தது. அதுவும் பெண்ணெலியினும் ஆணெலியிலேயே பன்மடங்கு! 1986இல் இருவரும் நொபெல் பரிசு பெற்றனர்.

இப்புரதம் காளையின் சுக்கிலத்திலும் உண்டெனப் பின்னர் அறியப்பட்டது. நரம்புக்குரிய பொருளுக்கு அங்கென்ன வேலை? தென்னமெரிக்காவின் லாமா என்னும் விலங்கு விடை பகர்ந்தது. பெண் லாமா புணர்ச்சியின் பின்னரே சூல்முட்டையை வெளிவிடும். அதனைத் தூண்டும் சுக்கிலப் பொருள் நரம்பு வளர்ச்சிப் புரதமே என்பது 2012இல் தெளிவாயிற்று. குருதியிற் கலந்து, மூளையின் வழியாக ஓமோனைச் சுரப்பித்து, அது சூலகத்தை ஏவுகின்றது.

மனிதரின் விந்தணுக்களிலும் இப்புரதத்தை ஏற்கும் வாங்கிகள் உள. நீந்தும் விசை குன்றிய விந்தணுக்களை உடையாரிடத்து இப்புரதமும் இதன் இனப் புரதமொன்றும் குறைந்திருந்தன எனச் சில ஆய்வாளர் தெரிவித்துள்ளனர். ஆய்கூடத்திற் சிறிதளவு சேர்த்தபோது சில சோதனைகளில் ஓட்டம் மேம்பட்டதாம். ஆயினும் அக்குறைவு காரணமோ விளைவோ என்பது இன்னும் துணியப்படவில்லை. ஆதலின் இதனை மருந்தென்று விற்பாருளராயின் அவர்க்குப் பணங்கொடுத்தல் வீண்.

இன்று ஆண்மகன் செய்துகொள்ளத்தக்கது சுக்கிலப் பரிசோதனையே. பெண்ணைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்துமுன் செய்யவேண்டியதும் அதுவே. ஒரு சிறு போத்தலும் நுணுக்குக்காட்டியும் அதற்குப் போதும். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழப் பத்துக் கிழமை செல்லும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடுங்காய்ச்சலும் முடிவைக் கெடுத்துவிடக்கூடுமாதலின், குறை காணின் மருத்துவர் சிலகாலங் கழித்து மீண்டும் சோதிப்பர்.