தண்ணீரை வெளியே நிறுத்துவது எப்படி? சோவியத் கமெராப் பெட்டியும் சப்ரகமுவ இறப்பரும்

கடலுக்கடியில் படம் எடுப்பதற்காகப் பழைய சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட கமெராக் கவசப் பெட்டிகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் முரட்டுத்தனம். வார்ப்பு அலுமினியம், முன்னால் தடித்த கண்ணாடி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் திருகுகள். உள்ளே வைக்கப்படும் ஃபெட் அல்லது ஸெனித் கமெராவோ கொஞ்ச உப்புத் தண்ணீர் பட்டாலே பழுதாகிவிடும். அதைக் காப்பாற்றுவது மூடியின் விளிம்பில், ஒரு பள்ளத்துக்குள் கிடக்கும் மெல்லிய இறப்பர் வளையம்.

ஃபெட் கமெராவின் கதை நமக்கு அந்நியமானதல்ல. உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளுக்காக 1927இல் கார்கிவ் நகரில் ஒரு குடியிருப்பு தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் கல்வியாளர் மக்கரென்கோ. ஜேர்மனியின் லைக்கா கமெராவைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை 1934 முதல் அந்தப் பிள்ளைகளின் பட்டறை உற்பத்தி செய்தது. அந்தக் கார்கிவ் இன்று மீண்டும் குண்டுவீச்சுக்குள் இருக்கிறது.

கடைகளில் கவசப் பெட்டி எளிதாகக் கிடைக்காததால் சோவியத் நீர்மூழ்கிக் கழகங்களில் இருந்தவர்கள் தாங்களே அதைச் செய்துகொண்டார்கள். அதற்கு முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும், ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. இருபது சென்ரிமீற்றர் நீளமும் பதினைந்து சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீற்றரில் அதன்மேல் 300 கிலோ, அதாவது ஆறு மூட்டை அரிசி ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அந்தப் பாரமே மூடியை இறப்பரோடு சேர்த்து அழுத்துகிறது. ஆழம் கூடக்கூட மூடி இறுகும். அதனால் சரியாகப் பொருந்தாத மூடி பெரும்பாலும் கரையோரத்திலேயே, இடுப்பளவுத் தண்ணீரில் ஒழுகிவிடும். காரணம் எப்போதும் சின்னது: வளையத்தில் ஒட்டிய ஒரு தலைமயிர், ஒரு மணல்.

மூடியைவிடச் சிக்கலானது பொத்தான்தான். படம் எடுக்க வெளியிலிருந்து ஒரு தண்டு உள்ளே போக வேண்டும். அது சுழலவும் வேண்டும், தண்ணீரை விடவும் கூடாது. கிறீஸ் பூசிய இறப்பர் வாஷர்களை அந்தத் துளைக்குள் இறுக்கி அடைத்தார்கள். சிலர் தண்டே வேண்டாமென்று, பெட்டியில் ஓர் இறப்பர்க் கையுறையை ஒட்டி அதற்குள் கையை விட்டுக் கமெராவை இயக்கப் பார்த்தார்கள். கொஞ்சம் ஆழம் போனதும் அழுத்தம் கையுறையை உள்ளே தள்ளிவிடும்! இதற்கு ஒரு விடையை 1893இலேயே பிரான்சில் லூயி பூத்தான் கண்டிருந்தார். தன் செப்புப் பெட்டியோடு காற்று நிரம்பிய இறப்பர்ப் பலூன் ஒன்றை இணைத்தார். ஆழத்தில் பலூன் நசுங்க, அதிலுள்ள காற்று பெட்டிக்குள் போய் உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமப்படுத்தியது.

எனக்குப் பிடித்த உபாயம் சைக்கிள் வால்வு. வீட்டில் செய்த பெட்டியில் அதைப் பொருத்தி, பம்பினால் காற்றடித்து, தண்ணீருக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைகளில் ஒட்டுப் போடுகிறவர் ட்யூபைப் பேசினில் முக்கிப் பார்க்கும் அதே சோதனை.

இந்தக் கலை எங்கள் கடலுக்கும் வந்தது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் கிடப்பதை, 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்த படங்கள் வெளியுலகத்துக்குச் சான்றாயின. ஒரு பெட்டி ஒழுகாமல் இருந்ததால் கிடைத்த சான்று அது.

இனி இறப்பருக்கு வருவோம். பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக 1876இல் இலங்கைக்கு வந்த கன்றுகளிலிருந்து பரவியதுதான் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்க் காடு. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் அமைந்த டயர்த் தொழிற்சாலை இந்நாட்டு இறப்பரையே நம்பி எழுந்தது. பிற்காலக் கமெரா வளையங்கள் பெரும்பாலும் செயற்கை இறப்பராகிவிட்டன. ஆனால் இறப்பர் இறப்பர்தான். அழுத்தினால் இடைவெளியை நிரப்பும், விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

அந்தப் பாலை வெட்டித் தந்தவர்களுக்குத் தண்ணீரை வெளியே நிறுத்துவது அன்றாடப் பிழைப்பு. மழை பெய்து மரம் நனைந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். சிரட்டையில் மழைநீர்தான் நிறையும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அந்தச் சம்பளமும் இல்லை. இதற்காக வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் பாவாடை கட்டி, மேல் விளிம்பைத் தார்ப் பசையால் பட்டையோடு ஒட்டுகிறார்கள். சொரசொரப்பான பட்டையில் ஒரு விரல் இடைவெளி விட்டாலும் தண்ணீர் இறங்கிவிடும். கமெராப் பெட்டிக்காரர் பள்ளத்தைத் துடைப்பதுபோல இங்கே பட்டையைச் சுரண்டி மட்டமாக்க வேண்டும். இதை யாரும் பொறியியல் என்று சொல்வதில்லை.

வீட்டுக்குள் காக்க வேண்டியிருந்தது கடதாசி. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, ஒழுகும் லயன் கூரையின் கீழ் இருந்த ஒரு துண்டுப் பத்திரம் நாட்டுரிமையாக மாறியது. பலரிடம் அப்படியொன்று இருந்ததே இல்லை. 1977லும் 1981லும் வன்செயல்களால் சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களில் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினர். 2009இல் அவர்களும் மற்றவர்களோடு தண்ணீரையும் சேற்றையும் கடந்தார்கள், பிறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் படமும் பொலித்தீனில். இப்போது காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் பதாகையில் ஒட்டிப் பிடித்திருக்கும் படங்களில் எத்தனை அப்படித் தப்பி வந்தவை! தோட்டத்திலேயே இருந்தவர்களையும் தண்ணீர் விடவில்லை. 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்து வீடுகளோடு ஆட்களும் புதைந்தார்கள்.

மழைக்காலம் வருமுன் வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பையின் வாயைக் கட்டுவது போதாது. காற்றை வெளியேற்றி, வாயை மூன்று நான்கு முறை இறுகச் சுருட்டி, பிறகு மடித்துக் கட்டுங்கள். பிறகு அதை இன்னொரு பைக்குள் தலைகீழாக வையுங்கள். மழை நாளில் மூடாதீர்கள்; உள்ளே அடைபட்ட ஈரமே பூஞ்சணமாகும். ஆறவைத்த வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போடலாம். மூலப் பத்திரத்தை லமினேட் செய்வது பரவலாக நடக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓரம் பிரிந்தால் தண்ணீர் உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. பிரதியை லமினேட் செய்யுங்கள். இறப்பர் வளையமுள்ள டப்பாவில் வைப்பவர்கள் வளையத்துக்கு வஸ்லினோ தேங்காயெண்ணெயோ பூசக்கூடாது. எண்ணெயில் இயற்கை இறப்பர் ஊதி இளகும்.

நனைந்துவிட்ட பழைய ஸ்டூடியோப் படங்களைச் சேறு போகச் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, முகம் மேலே இருக்க நிழலில் காயவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தவற்றைக் கையால் பிரிக்க வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்தால் தானே விடுபடக்கூடும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படங்களை மட்டும் ஊறவைக்காதீர்கள், மை கரைந்துபோகும்.