நுரைக்காத சோப்பு

குப்பைமேனி, ஆவாரம்பூ, நலங்கு மாவு என்று வீட்டில் சோப்பு போடுபவர்களில் பலர், கடையில் கிடைக்கும் சோப் பேஸை உருக்கித்தான் தொடங்குகிறார்கள். சருமத்துக்கு நல்லதாயிற்றே என்று அதில் நாலு கரண்டி தேங்காய் எண்ணெயையும் விடுவார்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்தால் கட்டி பிசுபிசுக்கும். தேய்த்தால் நுரை வராது. பழி பேஸ் விற்ற கடைக்காரர் தலையில் விழும்.

அவர் மேல் தப்பில்லை. எண்ணெய் சோப்பாக மாற வேண்டுமானால் காஸ்டிக் சோடா வேண்டும். இரண்டும் வினைபுரிந்துதான் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. பேஸில் அந்த வினை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. அதன்பின் நாம் விடும் எண்ணெய், வடித்த சோற்றில் ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கிளறியது மாதிரிதான், எண்ணெயாகவே கிடக்கும்.

சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரோடு போகும். உடம்பின் அழுக்கைப் பிடிக்க வேண்டிய முனைகள் கட்டிக்குள் இருக்கும் எண்ணெயையே பிடித்துக்கொண்டால் குளிப்பதற்கு என்ன மிஞ்சும்? போதாததற்கு, நுரைக்குமிழின் மெல்லிய படலத்தையும் எண்ணெய்த் துளிகள் உடைத்துவிடுகின்றன.

எண்ணெய் விடுவதானால் பேஸின் எடையில் 1 சதவீதம், அதாவது அரை கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அரை கிலோவில் 50 கிராம் விட்டவர் அதை இந்த அளவுக்குக் கொண்டுவர இன்னும் நாலரை கிலோ பேஸ் வாங்க வேண்டும். ஊருக்கே சோப்பு கொடுக்கும் உத்தேசம் இல்லையென்றால், அந்தக் கட்டியை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகப் போடுவதே மலிவு.

கட்டியின் மேலே துளித்துளியாக நின்றால் அது எண்ணெய்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பேஸில் நிறைய இருக்கும் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில், அதுவும் கடலோர ஊர்களில், நல்ல சோப்பும் வியர்க்கும். ஒரு துண்டுத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தண்ணீர்க் கறை காய்ந்து மறையும். எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவும் திட்டாக அப்படியே நிற்கும். வியர்வைதான் என்றால் துடைத்து, காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இந்த வியர்வையைத் தாங்களே வரவழைக்கிறார்கள்.

பேஸை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் நீர் ஆவியாகி, மஞ்சளித்து, ரப்பராகிவிடும். இலைச்சாறு விடுபவர்களுக்கு வேறு தொல்லை: பச்சைச்சாறு கட்டிக்குள் நிறம் மாறும், பூசணமும் பிடிக்கலாம். காயவைத்து அரைத்த பொடிதான் பாதுகாப்பு.

எண்ணெய்ச் சத்துதான் வேண்டும் என்பவர்களுக்குப் பேஸ் சரிப்படாது. காஸ்டிக் சோடாவில் முதலிலிருந்து போட வேண்டும். 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக, சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா தேவை. அதை 5 சதவீதம் குறைத்தால் அந்த அளவு எண்ணெய் மாறாமல் தங்கும். கையுறை, கண்ணாடி, சில வாரப் பொறுமை எல்லாம் வேண்டும். உருக்கிய பேஸிலேயே காஸ்டிக் சோடாவைத் தூவி எண்ணெயைச் சரிக்கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கரையாத ஒரு துகள் போதும், தோல் வெந்துவிடும்.