கூட்டம் இல்லாத காட்டுக்கு என்ன விலை?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் ஒரு ரயில் நின்றுகொண்டிருக்கிறது. கொடியசைத்தாலும் கிளம்பாது. சாபி ஆற்றின் குறுக்கே உள்ள செலாட்டி பாலத்தின் மேல் பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து நிரந்தரமாக நிறுத்தி, உள்ளே கட்டிலும் குளியல் தொட்டியும் போட்டு ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஆற்றைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பாலத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் ஒரு சின்ன நீச்சல் குளம். அதில் முழங்கை ஊன்றி எட்டிப் பார்த்தால் கீழே மணல்திட்டில் யானைக் கூட்டம், தண்ணீரில் நீர்யானைகளின் முதுகுகள். ‘க்ரூகர் ஷலாட்டி’ என்ற பெயரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது.

ரயிலை இங்கே நிறுத்தும் யோசனை புதிதல்ல. 1923-இல் தென்னாப்பிரிக்க ரயில்வே ஒன்பது நாள் சுற்றுலா ரயில் ஒன்றை விட்டது. அது இந்தப் பாலத்தருகே இரவு தங்கும்; பயணிகள் ரேஞ்சர் துணையோடு இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு அது பிடித்துப்போனதும், மூன்று ஆண்டுகளில் க்ரூகர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு ஒரு காரணமானது. பிறகு 1970களில் ரயில் தடத்தைப் பூங்காவுக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். பாலம் மட்டும் சும்மா நின்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாலத்தை ஒட்டியே ஸ்குகூசா என்ற அரசு முகாம் இருக்கிறது. கூரை வேய்ந்த வட்டக் குடிசைகள், சமைத்துக்கொள்ள அடுப்பு, ஓட்டிவந்த சொந்தக் கார். தென்னாப்பிரிக்க நடுத்தரக் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு வரும் இடம் அது. பெட்டியில் படுத்தவர் பார்க்கும் அதே ஆறு, அதே யானைதான். வாடகை மட்டும் பல மடங்கு வித்தியாசம். அப்படியானால் ஆப்பிரிக்கா முழுக்க வரிசையாக முளைத்துவரும் இந்த ஆடம்பர சஃபாரி விடுதிகள் எதைத்தான் விற்கின்றன?

மெத்தை, மது, மசாஜ் எல்லாம் உண்டு. ஆனால் அவை துபாயிலும் கிடைக்கும். சஃபாரி முதலாளிகள் உண்மையில் விற்பது, பக்கத்தில் வேறு ஆள் இல்லாத நிலைமையை. சிங்கத்தைச் சுற்றி முப்பது ஜீப் நிற்காமல், இரண்டே ஜீப் நிற்பதற்குத்தான் அந்த விலை.

ஒரு காலத்தில் இந்தத் தொழில் இவ்வளவு கூர்மையாக இல்லை. கென்யாவின் அபெர்டேர் காட்டில் 1932-இல் ஓர் அத்திமரத்தின் மேல் கட்டிய ‘ட்ரீடாப்ஸ்’ விடுதிதான் இந்த வகைக்கு மூத்தது. ஏணி வைத்து ஏறி, இரவெல்லாம் விழித்து, நீர்க்குட்டைக்கு வரும் மிருகங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. 1952 பிப்ரவரியில் இளவரசியாக அங்கே ஏறிய எலிசபெத், இறங்கும்போது அரசியாகியிருந்தார். இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் அப்பா அந்த இரவில் காலமாகிவிட்டார். அன்று மரத்தின் மேல் காவலுக்கு உடனிருந்தவர் நம் வாசகர்களுக்குத் தெரிந்த ஆள்: குமாவுனின் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட். இந்தியாவை விட்டுப் போன அவர் கென்யாவின் நியேரியில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1955-இல் அங்கேயே இறந்தார்.

துப்பாக்கிக்குப் பதில் கேமரா வந்த பின் வியாபாரம் பெருத்தது. 1977-இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. மாசாய் மாராவிலும் தான்சானியாவின் செரங்கெட்டியிலும் விடுதிகள் பெருகின. கூடவே ஜீப்புகளும்.

அதற்கு எதிர்த்திசையில் போன நாடு போட்ஸ்வானா. 1990-இல் அது வகுத்த சுற்றுலாக் கொள்கையின் சாரம்: ஆள் குறைவாக வரட்டும், வருகிறவர் அதிகமாகச் செலவழிக்கட்டும். ஒகவாங்கோ ஆற்றுப்படுகை இந்தக் கொள்கைக்கு இயல்பாகவே பொருந்திய நிலம். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் வறட்சி உச்சத்தில் இருக்கும்போது படுகையை நிரப்புகிறது. கடலுக்குப் போகாமல் மணலிலேயே வற்றிவிடும் விசித்திர ஆறு. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது. படுகையின் உட்பகுதி முகாம்கள் பலவற்றுக்குச் சாலையே கிடையாது. சின்ன விமானத்தில்தான் போக வேண்டும். மடங்கக்கூடிய துணிப்பையில் பதினைந்து, இருபது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு போய் நிற்பவர் பாடு திண்டாட்டம்தான்.

முகாம்களுக்கு வேலியும் இல்லை. இருட்டியபின் கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு நாற்பது அடி நடக்கவும் ஊழியர் ஒருவர் டார்ச்சோடு வர வேண்டும். விடியுமுன் காபியோடு வந்து எழுப்புவார்கள். குளிர்கால விடியலில் திறந்த ஜீப்பில் ஏறினால் மடியில் கம்பளியும் வெந்நீர்ப் பையும் வைத்துவிடுவார்கள். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஜூலை மாத ஒகவாங்கோ நல்ல பாடம் கற்பிக்கும்.

இதே நாட்டின் வடக்கில் உள்ள சோபே கேம் லாட்ஜில் கைடுகள் எல்லோருமே பெண்கள். ஆற்றில் மின்சாரப் படகு; என்ஜின் சத்தமில்லாமல் யானைக் கூட்டத்தின் அருகே போய் நிற்க முடிகிறது.

விலையையே ஆயுதமாக்குவதில் போட்ஸ்வானாவையும் தாண்டிய நாடு ருவாண்டா. எரிமலைகள் தேசியப் பூங்காவில் மலை கொரில்லாக்களைப் பார்க்க வாங்கும் அனுமதிச் சீட்டின் விலையை 2017 மே மாதத்தில் 750 டாலரிலிருந்து ஒரே நாளில் 1,500 டாலராக்கியது. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். தங்குமிடம், சாப்பாடு எதுவும் இதில் சேராது. இதற்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஒரு கொரில்லா குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே பார்க்கலாம், அதுவும் ஒரே தடவை. பக்கத்து உகாண்டாவில் சீட்டு 800 டாலர்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு முந்தைய நடையைச் சொல்லியாக வேண்டும். உருளைக்கிழங்கு வயல்களின் வரப்பில் தொடங்கி, காட்டெருமை வயலில் இறங்காதிருக்க எழுப்பிய கல்சுவரைத் தாண்டினால் மூங்கில் காடு. அதற்கு மேல் இடுப்பளவு செந்தட்டி. கால்சட்டைத் துணியைத் துளைத்துக் கொட்டும் ரகம் என்பதால் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். விடியலிலேயே ஏறிவிட்ட டிராக்கர்கள் கொரில்லாக்கள் இருக்கும் இடத்தை வாக்கி டாக்கியில் சொல்கிறார்கள். சில நாள் அரை மணி நடை, சில நாள் நான்கு மணி. பையைத் தூக்கிவரும் உள்ளூர்க்காரர்களில் முன்பு கண்ணி வைத்து மான் பிடித்தவர்களும் உண்டு. கிட்டே போனதும் கைடு தொண்டைக்குள்ளேயே செருமுவதுபோல ஒரு கீழ்சுரம் எழுப்புகிறார். ‘பயப்படாதே, நம்ம ஆள்தான்’ என்பதற்கான கொரில்லா பாஷை அது. பார்வையாளர்கள் முகக்கவசம் அணிந்து தள்ளி நிற்க வேண்டும். நம் சளி அவற்றுக்கு எமன்.

இவ்வளவு கெடுபிடிக்குப் பலன் இருக்கிறது. 1981 கணக்கெடுப்பில் ருவாண்டா, காங்கோ, உகாண்டா மூன்றும் பங்கிடும் விருங்கா மலைத்தொடரில் இருந்த கொரில்லாக்கள் 254. 2018-இல் வெளியான கணக்கில் 604. உகாண்டாவின் ப்விண்டி காட்டில் இருப்பவற்றையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸி 1967-இல் இங்கே ஆய்வு முகாம் போட்ட காலத்தில், இந்த இனம் அந்த நூற்றாண்டைத் தாண்டுமா என்பதே சந்தேகமாக இருந்தது. பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. பள்ளிக்கூடம், குடிநீர், வீடு என்று அது கண்ணுக்குத் தெரிகிறது.

சீட்டு விலை ஏறிய அதே 2017-இல் பிசாட்டே விடுதி திறந்தது. பழைய எரிமலை வாய் ஒன்றின் சரிவில் ஆறே ஆறு வில்லாக்கள்; நியான்சாவில் உள்ள ருவாண்டா மன்னர்களின் வைக்கோல் அரண்மனையைப் பார்த்து வடித்த உருண்டைக் கூரைகள். நிலம் முன்பு சிறுசிறு விவசாயிகளின் வயல். அதை வாங்கி மறுபடி காடாக்குகிறார்கள். வரும் விருந்தாளி ஒவ்வொருவரும் ஒரு மரக்கன்று நடலாம். இரண்டு ஆண்டில் சிங்கிட்டா, ஒன் அண்ட் ஒன்லி ஆகிய ஆடம்பர விடுதி நிறுவனங்களும் அக்கம்பக்கத்தில் விடுதி திறந்துவிட்டன. ஒரு பக்கம், தரிசாகிவிட்ட சரிவு பச்சையாகிறது. மறுபக்கம், ஆப்பிரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நாடுகளில் ஒன்றில் உழுத நிலம் கைமாறுகிறது. பூங்காவை விரிவாக்கும் அரசுத் திட்டத்தில் எல்லையோரக் குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்துவதும் அடக்கம். காட்டுக்கு இடம் வேண்டும் என்பது சரி. அந்த இடம் யாரோ ஒருவருடைய வயலாக இருப்பதுதான் பிரச்சினை.

இந்தக் கேள்வி இன்னும் காரமாக எழுந்திருப்பது மாசாய் மாராவில். ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்ட்பீஸ்ட்கள், வரிக்குதிரைகள் துணையோடு, புல்லைத் தேடி செரங்கெட்டியிலிருந்து வடக்கே நகர்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றில் அவை கூட்டமாகக் குதிப்பதும் முதலைகள் காத்திருப்பதும் டிஸ்கவரி சேனலில் பார்த்துப் பழகிய காட்சி. டிவியில் தெரியாதது, கேமராவுக்குப் பின்னால் கரையை அடைத்து நிற்கும் வண்டிகள். 2025 ஜூலையில் செரங்கெட்டி பக்கம் பயணிகள் வண்டியை விட்டே இறங்கி, மந்தையின் வழியை மறித்து நின்ற வீடியோ உலகமெங்கும் ஓடியது. மாராவின் நிர்வாகம் 2024 முதல் ஆண்டின் பிற்பாதிக்கு நுழைவுக் கட்டணத்தை நாளொன்றுக்கு 200 டாலராக்கியும் கூட்டம் வடியவில்லை.

2025 ஆகஸ்டில் அங்கே ரிட்ஸ்-கார்ல்டன் சஃபாரி முகாம் திறந்தது. சாண்ட் ரிவர் கரையில் இருபது கூடார அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளம். ஒருவருக்கு ஓர் இரவு சுமார் 3,500 டாலரிலிருந்து. திறப்புக்கு முன்பே மாசாய் சமூகத் தலைவர் ஒருவர் நரோக் நீதிமன்றத்துக்குப் போனார்: முகாம் கட்டிய இடம் மிருகங்கள் இரு நாட்டுக்கும் இடையே போய்வரும் தடம் என்பது அவர் வாதம். கென்ய வனவிலங்குத் துறை அதை மறுத்தது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். கூட்டத்தைத் தவிர்க்கவென்று வரும் பணக்காரரின் முகாமே நெரிசலில் இன்னொன்றாகிவிடுகிறது என்ற முரணை எந்த நீதிமன்றத்தாலும் தீர்த்துவைக்க முடியாது.

மாராவிலேயே இதற்கு வேறொரு வழியும் நடந்துகொண்டிருக்கிறது. அரசுக் காப்பகத்தைச் சுற்றியுள்ள புல்வெளி மாசாய் குடும்பங்களுக்குப் பட்டா நிலமாகப் பிரிந்தபோது, வேலி போட்டால் மிருகமும் போய்விடும், மாடும் மேயாது என்ற நிலை வந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து விடுதி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டன. இதற்குப் பெயர் கன்சர்வன்சி. ஓல் கின்யெய், நபோய்ஷோ, ஓலாரே மோட்டரோகி என்று பல உண்டு. பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சனின் மஹாலி ம்சூரி முகாம் இருப்பதும் இப்படிப்பட்ட நிலத்தில்தான். விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை வந்தாக வேண்டும். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. காப்பகத்தில் அனுமதியில்லாத நடைப்பயணமும் இரவு ஜீப் சவாரியும் இங்கே உண்டு. மழை பார்த்து, முறை வைத்து மாடுகளும் மேயும்.

குறை இல்லாத ஏற்பாடு இல்லை. கொரோனா காலத்தில் விடுதிகள் காலியானதும் குத்தகைப் பணம் தடுமாறியது. பல குடும்பங்களுக்கு அதுவே முக்கிய வருமானம். ஆனாலும், நிலம் யாருடையதோ அவர் கையில் மாதாமாதம் காசு சேருகிற ஏற்பாட்டையும், வெளியே போ என்று சொல்லிவிட்டு நன்கொடையாகப் பள்ளிக்கூடம் கட்டித் தருவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பிந்தையதற்கு உதாரணம் தேடத் தொலைதூரம் போக வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் லோலியோண்டோவிலும் ங்கோரோங்கோரோவிலும் மாசாய் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள்.

ஆகவே பணம் சேர்த்துப் போகிறவர் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி குளத்தின் நீளத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. இந்த நிலம் யாருடையது, குத்தகை யாருக்குப் போகிறது என்று ஒரு மின்னஞ்சல் போட்டால், ஒழுங்காக நடத்துகிறவர்கள் விவரமாகவே பதில் எழுதுவார்கள். அவ்வளவு பணம் இல்லாதவருக்கு க்ரூகரின் அரசு முகாம்கள் இருக்கின்றன. ஜோஹன்னஸ்பர்க்கில் கார் வாடகைக்கு எடுத்து, தார்ச்சாலையிலேயே நாளெல்லாம் ஓட்டலாம். பூங்காவை ஒட்டிய, உலகின் விலை உயர்ந்த விடுதிகள் சில இருக்கும் சாபி சாண்ட் தனியார் காட்டுக்கும் க்ரூகருக்கும் இடையே இருந்த வேலியை 1993-லேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் காலையில் படம் எடுக்கப்பட்ட சிறுத்தை மாலையில் இந்தப் பக்கம் வர எந்தத் தடையும் இல்லை.

கிளம்புமுன் இரண்டு காரியம். கென்யாவிலும் ருவாண்டாவிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. முறுக்கும் பருப்புப் பொடியும் பாலித்தீன் கவரில் கட்டிக் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிரித்துக் கொட்ட வேண்டிவரலாம். கென்யாவுக்கோ உகாண்டாவுக்கோ போய்வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தியா திரும்பியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும் என்பதால், டிக்கெட் எடுத்த கையோடு அங்கே போய்விடுவது நல்லது.